மாமாவுக்குப் பக்கத்துக் கதிரை

என் வயதொத்தவர்களே, நம் பிள்ளைகளின் கல்யாண மண்டபங்களில் இப்போது ஒரு காட்சி வழக்கமாகிவிட்டது. தலை நரைத்த நம்மவர்கள் வைன் கோப்பையைத் தண்டில் பிடித்து, மெல்லச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து, ஒரு வாய் குடித்து, "நல்லாயிருக்கு" என்கிறார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. அந்த இடத்தில் எனக்குச் சின்னதாக ஒரு கோபம் வரும். நல்லாயிருக்கு என்பது பதில் ஆகாது என்று எனக்குப் பதினொரு வயதிலேயே ஒருவர் சொல்லித்தந்திருந்தார். அவர் என் மாமா. பல்வைத்தியர். டேனிஷ்காரர்.

எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம் தொடங்கி உயிர்த்த ஞாயிறு வரை நாங்கள் டென்மார்க்கின் விபோர்க் நகரில் மாமியின் வீட்டில் இருந்தோம். மாமி அப்பாவின் தங்கை. எழுபதுகளில் தாதிப் பயிற்சிக்கென்று வந்து, இங்கேயே நின்று, பல்வைத்தியரைக் கல்யாணம் செய்தவர். அந்தக் கல்யாணத்துக்கு எங்கள் பக்கத்தில் யாரும் போகவில்லை. போக வழியும் இல்லை, மனமும் இல்லை. பத்து வருஷம் கழித்து அப்பா அகதியாக வந்து சேர்ந்தார். ஒரு வருஷத்தில் அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். கொம்யூன், இங்கத்தைய நகரசபை, வீடு தரும்வரைக்கும் எங்களுக்கு இருக்க இடம் வேண்டியிருந்தது. மாமி தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

அந்த வீட்டின் சாப்பாட்டு அறையை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன். தேக்கு மேசை. அதன்மேல் மிகத் தாழத் தொங்கும் செம்பு விளக்கு. அதன் வெளிச்சத்துக்கு வெளியே இருப்பவரின் முகம் தெரியாது, கைகள் மட்டும் தெரியும். ஜன்னல் ஓரத்தில் அறையைச் சூடாக்கும் இரும்புக் குழாய், அதன்மேல் காயும் கையுறைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வினாகிரியில் வெந்த சிவப்பு முட்டைக்கோவாவின் மணமும் யாழ்ப்பாணக் கறித்தூளின் மணமும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். மாமி இரண்டும் சமைப்பார்.

அவித்த முட்டையை நிறுத்தி வைத்துச் சாப்பிட இங்கே ஒரு பீங்கான் கோப்பை வைத்திருப்பார்களே, விரல் உயரத்தில், அந்த வீட்டில் அவை வெள்ளையில் நீலக் கோடு போட்டவை. என் முதல் வைனை நான் அதில்தான் குடித்தேன். பின்னாளில் மாமா இறந்து வீட்டை விற்றபோது அந்தக் கோப்பைகளைக் கேட்டுப் பார்த்தேன். எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டில் மாமா ஒரு விளையாட்டு வைத்திருந்தார். போத்தலின் பெயர் தெரியாதபடி அதைத் தன் பனிச்சறுக்குக் காலுறைக்குள் நுழைத்துக் கொண்டுவருவார். பெரியவர்களுக்குக் கண்ணாடிக் கோப்பை. மச்சாளுக்கும் எனக்கும் முட்டைக் கோப்பையில் ஒரு வாய். விழுங்கத் தேவையில்லை, துப்பலாம், அதற்கு ஒரு கிண்ணம் இருந்தது. அவருடைய தொழிலை நினைத்தால் அது பொருத்தம்தான். "வாயில் வைத்திரு. பல்லுக்குப் பின்னால் விடு. இப்போது நாக்கின் ஓரத்துக்கு" என்று சிகிச்சைக் கதிரையில் இருப்பவர்களுக்குச் சொல்வதுபோலவே சொல்லுவார். பிறகு இரண்டு கேள்விகள். என்ன ருசி தெரிகிறது? இதை எதோடு சாப்பிடலாம்? நல்ல பதில் சொன்னவருக்குப் போத்தலின் கார்க் கிடைக்கும். அடுத்த ஞாயிறு மாமாவுக்குப் பக்கத்துக் கதிரையும் கிடைக்கும்.

மச்சாள் அவர்களின் ஒரே மகள். என்னைவிடச் சில மாதம் இளையவள். அவளுடைய அறையில் ஒரு பெரிய ஜாம் போத்தல் நிறையக் கார்க்குகள் இருந்தன. நான் அதே அறையில் நிலத்தில் விரித்த மெத்தையில் படுத்தேன். கண் விழித்தால் முதலில் தெரிவது அந்தப் போத்தல்தான்.

பொறாமையில் எனக்கு எரிச்சல் பிடித்திருந்தது. நல்ல சொல் தேட மாட்டேன். அவளுடைய மஞ்சள் மழை அங்கிமேல் எரிச்சல். அவள் தகப்பனிடம் டேனிஷில் பேச, தாய் தமிழில் கேட்டதற்கும் டேனிஷிலேயே பதில் சொல்ல, யாரும் அவளைக் கண்டிக்காததன்மேல் எரிச்சல். அவளுடைய மூக்கு மாமாவின் மூக்கேதான், நீளமாக, நுனியில் கொஞ்சம் சிவந்து. அந்த மூக்கை முட்டைக் கோப்பைக்குள் விட்டுக் கண்ணை மூடுவாள். அப்போது மாமாவின் கை தன்பாட்டில் அவள் தலைக்குப் போகும். ஈரக் கம்பளி என்பாள். அப்பிள் தோல் என்பாள். சோல்பெர் என்பாள், இங்கே சாறு பிழியும் கறுப்புச் சின்னப் பழம். அந்தப் பழங்களை நான் தின்றதில்லை. என் வாய்க்குத் தெரிந்த நாவலும் விளாவும் கொடுக்காப்புளியும் அந்த மேசைக்குத் தெரியாது.

முதல் மாதம் நான் "தெரியாது" என்ற சொல்லை டேனிஷில் திருத்தமாகச் சொல்லப் பழகினேன்.

பிறகு ஒரு ஞாயிறு மாமி மீன் குழம்பு வைத்தார். பழப்புளி எங்கேயோ தேடி வாங்கிய சந்தோஷத்தில் கொஞ்சம் கூடவே விட்டிருந்தார். மாமா வேண்டுமென்றே அதற்குச் சிவப்பு வைன் கொண்டுவந்தார். பரீட்சித்துப் பார்க்கவாம். முதலில் ஒரு வாய் மீன், பிறகு ஒரு வாய் வைன். மச்சாள் முகத்தைச் சுளித்து, கூடாது என்றாள். ஏன் கூடாது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மாமா என்னைப் பார்த்தார். மாமி தமிழில் கேட்டார்.

"உனக்கு என்னம்மா மாதிரிப் படுது? சும்மா சொல்லு."

"ஆணி."

"என்ன ஆணி?"

"கறள் பிடிச்ச ஆணியை நக்கின மாதிரி."

அம்மா குழம்புச் சட்டியோடு குசினி வாசலில் நின்றார். "நீ எங்கயடி ஆணி நக்கினனீ?"

"பள்ளிக்கூடத்து வாங்குப் பலகையில."

"நல்ல பழக்கம். அதையும் இவைக்குச் சொல்லு."

மாமி சிரித்துச் சிரித்து, துருப்பிடித்த ஆணி என்று அதை டேனிஷில் சொன்னார். மாமா சிரிக்கவில்லை. திரும்ப ஒரு துண்டு மீன் எடுத்து மென்று, வைனைக் குடித்து, கண்ணைச் சுருக்கி யோசித்தார். "அதேதான்" என்றார். கார்க்கை மேசைமேல் உருட்டிவிட்டார். அது விளக்கு வெளிச்சத்துக்குள்ளால் உருண்டு என் தட்டில் முட்டி நின்றது.

அடுத்த ஞாயிறு நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அவருடைய சட்டையில் கராம்பு எண்ணெயின் மணம் இருந்தது; பல்வலிக்கு வைக்கும் மருந்தின் மணம், ஞாயிற்றுக்கிழமையும் போகாது. என்னிடம் எதையாவது கேட்டுவிட்டுத் தலையை என் பக்கம் சரித்துக் காத்திருப்பார். நான் சொல் தேடித் திணறினாலும் குறுக்கே பேசமாட்டார். எனக்கு அதுவரை கேள்வி கேட்ட பெரியவர்கள் எல்லாரும் பதிலைத் தங்களிடமே வைத்துக்கொண்டு கேட்டவர்கள். தனக்குத் தெரியாத ஒன்றை என்னிடம் கேட்டு, நான் சொல்லும்வரை ஒருவர் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கதிரையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அடுத்த ஞாயிறே மச்சாள் எடுத்துக்கொண்டாள்.

அப்பா மேசையின் மறுமுனையில் இருந்தார். ஊரில் கடற்றொழில் திணைக்களத்தில் கோப்பு எழுதும் லிகிதர். இங்கே பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் பொதி கட்டுபவர். கிழமை முழுக்கக் கையாண்ட இறைச்சியை ஞாயிற்றுக்கிழமை தட்டில் கண்டால் உருளைக்கிழங்கை மட்டும் எடுப்பார். வைன் போத்தல் தன்னிடம் வரும்போது கோப்பையைக் கையால் மூடுவார். முதலில் வயிற்றில் புண் என்றார். பிறகு உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய நோன்பான தவக்காலம் வந்தது, அது வசதியாகிவிட்டது.

நமக்குத் தெரியும், நம் தகப்பன்மார் குடிக்காதவர்கள் அல்லர். தங்கைக்கு முன்னால், மகளுக்கு முன்னால் குடிக்க மாட்டார்கள். வேலிப்பக்கம் நின்று குடித்துவிட்டு, வாயைக் கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வருவார்கள். அப்பாவும் அந்த ரகம்தான். அதை மாமாவுக்கு யாரும் சொல்லவில்லை. தன்னுடைய வைன் இந்த மனிதருக்குத் தரம் போதவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு ஞாயிறும் முந்தியதைவிட நல்ல போத்தலாகக் காலுறைக்குள் வந்தது. அதற்காகவே ஜெர்மன் எல்லைவரை கார் ஓட்டிப் போய்வந்தார். அந்தப் போத்தல்கள் எங்கள் இரண்டு பேருடைய விளையாட்டுக்காக வருகின்றன என்று மச்சாளும் நானும் நினைத்திருந்தோம்.

மாமிக்குக் காரணம் தெரியும். ஒரு வசனத்தில் புருஷனுக்குச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று நான் பெரியவளான பிறகு கேட்டேன். "அண்ணை எனக்கு முன்னால வெக்கப்படுறது எனக்குப் பிடிச்சிருந்தது" என்றார். "கலியாணத்துக்குப் பிறகு என்னை அவர் ஒரு ஆளாவே நினைக்கேல்லை எண்டெல்லே நான் இருந்தனான்."

அம்மாவும் குடிக்கவில்லை. ஆனால் கோப்பைகளைக் கழுவுவது அம்மாதான். கழுவுமுன் ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். மாமியின் கோப்பையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருப்பார்.

மாசியில் ஒரு ஞாயிறு மாமா சாப்பாட்டின் தொடக்கத்திலேயே அறிவித்தார். உயிர்த்த ஞாயிறு விருந்துக்கு அவருடைய தாயும் தகப்பனும் வருகிறார்கள். செம்மறி இறைச்சி. அதற்கு எந்த வைன் என்பதை, முந்திய ஞாயிறான குருத்து ஞாயிறன்று வெல்லும் ஆள் தீர்மானிக்கலாம். அவரோடு கடைக்குப் போகலாம். விருந்தன்று பக்கத்துக் கதிரையும் அவருக்கே. மாமி இதைத் தமிழில் சொல்லி முடிக்குமுன் நானும் மச்சாளும் ஒருவரையொருவர் பார்த்தோம். அதன் பிறகு படுக்கை அறையில் எங்கள் பேச்சு குறைந்தது.

அதே ஞாயிறுதான் அந்தப் பிழையும் நடந்தது.

அன்றைய வைன் கறுப்புக்குக் கிட்டிய சிவப்பு. வாயில் விட்டவுடன் உள்ளே தோல் சுருங்கியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எனக்கு இது தெரியும். காய்ப் பதத்தில் வாழைப்பழத்தைக் கடித்தால், நாவற்காயைச் சப்பினால் வருவது. புத்தகத்தில் துவர்ப்பு என்று இருக்கும். வீட்டில் நாங்கள் கயர் என்போம். இதற்கு மச்சாளிடம் சொல் இருக்காது என்று எனக்கு உடனே விளங்கியது. வாயில் பாதி வைனை வைத்துக்கொண்டே அவசரமாகச் சொன்னேன்.

"கயர்க்குது."

மாமி குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். திரும்பிப் பார்த்து, எனக்காக டேனிஷில் சொன்னார். "பிட்டர்."

கைக்குது என்று கேட்டிருக்கிறார். பாகற்காயின் ருசியை. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து அத்தனை வருஷம், குழாய்ச் சத்தம், என் வாய் நிறைய வைன். நடுவில் இருந்த 'ர்' தவறிப்போயிற்று. பிட்டர் என்றால் தமிழில் என்ன என்று எனக்கு அப்போதே தெரியும், ஆங்கிலத்திலும் அதே சொல். மாமாவின் முகம் மாறியது. கைக்கும் வைன் பழுதாய்ப் போன வைன். அவர் கார்க்கை எடுத்து முகர்ந்து, கவலையோடு மேசையின் மறுமுனையில் மூடியிருந்த அப்பாவின் கோப்பையைப் பார்த்தார். பிறகு தன் கோப்பையில் ஒரு வாய் குடித்துப் பார்த்து, இல்லை என்று என்னிடம் மரியாதையாகத் தலையாட்டினார். மச்சாள் ஆற அமர, "பால் விடாத தேத்தண்ணி. கனநேரம் ஊறினது" என்றாள், டேனிஷில். கார்க் அவளிடம் போனது.

"மாமி, நான் கைக்குது எண்டு சொல்லேல்லை."

"சரி சரி. அதுக்கென்ன, அடுத்த கிழமை பாப்பம்."

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாழைப்பழம் கொண்டுபோனேன். பச்சை மாறாதது. எங்கள் வகுப்பு புதிதாக வந்த பிள்ளைகளுக்கானது. நாலைந்து நாட்டுப் பிள்ளைகள், ஒரே ஆசிரியை. நான் அவர் மேசைக்குப் போய், தோலை உரித்து, அதன் உட்புறத்தைக் கடித்து, முகத்தைச் சுருக்கிக் காட்டி, விரலால் நாக்கைத் தொட்டேன். இதற்கு என்ன பெயர்? அவர் யோசித்தார். வாந்தி வருகிறதா என்று சைகையில் கேட்டார். இல்லை. புளிப்பா? இல்லை. கடைசியில் அவரே தோலை வாங்கிக் கடித்துப் பார்த்தார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவருடைய உதடு உள்ளே இழுபட்டது.

"ஸ்னெர்ப்பர்" என்றார். கரும்பலகையில் எழுதினார். எல்லோரும் சொன்னோம்.

அந்தச் சொல்லை ஒரு கிழமை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஞாயிறு வந்தது, சிவப்பு வைன் வந்தது, ஒரு வாய் எடுத்தேன். அன்றைக்கு அவ்வளவு கயர்க்கவில்லை. ஆனாலும் சொன்னேன். மாமா முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். சொல்லைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். இன்னொரு முறை சொன்னேன். அவருடைய புருவம் இரண்டும் மேலே போயின. வெளிச்சத்துக்குள் அவர் முகம் முழுவதும் வந்தது.

"அதை நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்" என்றாள் மச்சாள்.

அதை விளங்கிக்கொள்ளும் அளவுக்கு எனக்கு டேனிஷ் வந்திருந்தது. மறுத்துச் சொல்லும் அளவுக்கு வரவில்லை. உங்களில் சிலருக்கு அந்த மாதங்கள் நினைவிருக்கும். எல்லாம் காதில் விழும், வாயால் ஒன்றும் வெளியே வராது. மாமா அவள் தலையைத் தடவினார். எனக்கு உதவி செய்தது நல்ல குணம் என்று அவளிடம் சொன்னார். கார்க் அவளுக்கு. எனக்கு ஒரு புன்சிரிப்பு.

அவள் பக்கத்தையும் எழுதவேண்டும். மாலைகளில் என் பள்ளிக்கூடப் புத்தகத்தைத் திறந்துவைத்து எனக்கு எத்தனையோ சொற்களைச் சொல்லித்தந்தவள்தான். இதுவும் அவற்றில் ஒன்று என்று அவள் உண்மையிலேயே நினைத்திருக்கலாம். அன்று நான் அப்படி நினைக்கவில்லை.

பின்னேரம் அப்பா வீட்டின் பின்வாசலில் தொழிற்சாலைச் சப்பாத்துக்குத் தூரிகை போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளை ரப்பர் சப்பாத்து. நான் படியில் இருந்தேன்.

"ஏன் மூஞ்சையத் தூக்கி வச்சிருக்கிறாய்?"

"ஒண்டுமில்லை."

"சொல்லு பாப்பம்."

"மச்சாளுக்கு நல்ல அப்பா."

தூரிகை நிற்கவில்லை. ஒரு சப்பாத்தை முடித்து மற்றதை எடுத்தார். "ஓம்" என்றார். "நல்ல மனுசன்தான்."

குருத்து ஞாயிறன்று காலை கோயிலில் ஓலைக்குப் பதில் ஏதோ பச்சைத் தழை தந்தார்கள். அப்பா பழக்கத்தில் அதைச் சிலுவையாக மடிக்கப் பார்த்தார். இலை உதிர்ந்துகொண்டே போனது. வீட்டில் மாமி ஆட்டிறைச்சிப் பிரட்டல் வைத்திருந்தார். மாமா காலுறைப் போத்தலோடு வந்தார். மச்சாளுக்கும் எனக்கும் முட்டைக் கோப்பையில் ஊற்றினார். நான் மனதில் சொற்களை அடுக்கி வைத்திருந்தேன், டேனிஷில், எந்த வைன் வந்தாலும் சொல்லக்கூடியவையாக. கோப்பையை நான் எடுக்கவில்லை, அதற்குள் மறுமுனையில் அப்பா மாமியிடம் சொன்னார்.

"பிள்ளை, எனக்கும் கொஞ்சம் விடச் சொல்லு."

மாமி கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு நின்றார்.

அம்மா மெதுவாக, "தவக்காலமப்பா" என்றார்.

"ஞாயிற்றுக்கிழமைக்குத் தவமில்லை."

மாமா எழுந்து மேசையைச் சுற்றிப் போனார். ஊற்றத் தொடங்கினார். எங்கள் வீட்டாருக்கு எதை ஊற்றினாலும் பரிமாறினாலும் போதும் என்பதற்கான "காணும்" வரும்வரை நிறுத்தக்கூடாது என்று மாமி அவருக்குப் பழக்கியிருந்தார். அப்பா காணும் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தெரியாமலில்லை. வைன் ஏறி ஏறிக் கோப்பையின் விளிம்புக்கு வந்தது.

"காணும், காணும்" என்றார் அம்மா.

அப்பா முகத்தைத் தங்கையிடமிருந்து சுவர்ப்பக்கம் திருப்பி, அரைக் கோப்பையை ஒரே இழுவையில் குடித்தார். சுழற்றவில்லை, முகரவில்லை. வாயைப் புறங்கையால் துடைத்தார்.

"கயர்க்குது" என்றார்.

"என்ன அண்ணை?"

"கயர்க்குது, பிள்ளை. காய் வாழைப்பழம் மாதிரி."

மாமியின் கை வாய்க்குப் போனது. அவர் என்னைப் பார்த்தார். "நீ அண்டைக்குச் சொன்னது இதோ? நான் கைக்குது எண்டெல்லே கேட்டனான்."

"ஓம்" என்றேன்.

மாமி சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தச் சொல்லைக் கடைசியாகக் கேட்டு எத்தனை காலம் என்று அப்பாவிடம் தமிழில் சொன்னார். பிறகு புருஷன் பக்கம் திரும்பி டேனிஷில் நீளமாக விளக்கினார். விரலால் நாக்கைத் தொட்டுக் காட்டினார். இப்போது என் பெயர் வரும், அந்த விரல் என் பக்கம் திரும்பும் என்று நான் முதுகை நிமிர்த்தி இருந்தேன். விரல் அப்பாவின் பக்கம் திரும்பியது.

மாமா ஒரு கதிரையை இழுத்து அப்பாவுக்கு அருகே போட்டு உட்கார்ந்தார். இரண்டாவது கேள்வியைக் கேட்டார். இதை எதோடு சாப்பிடலாம்? தலையைச் சரித்துக் காத்திருந்தார்.

அப்பா சட்டியைக் காட்டினார். "இதுக்குச் சரி. ஆட்டுக் கொழுப்பு வாயில நிக்குமெல்லே. சாப்பிட்டு முடிய நாங்கள் பாக்குப் போடுறதில்லையோ, அது ஏன்? கயர் போய் கொழுப்பை வழிச்செடுக்கும். அந்த வேலையைத்தான் இதுவும் செய்யுது. சொல்லு அவருக்கு."

மாமி பாக்கை விளக்கத் தொடங்கினார். கொட்டை என்றார், மரம் என்றார், சிவப்பாகத் துப்புவது என்றார். மாமா கைகொட்டிச் சிரித்தார். துப்புவது என்ற இடம் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. எழுந்து, கார்க்கை எடுத்து, யாரோ அவருக்குச் சொல்லிவைத்தபடி இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினார். அப்பாவும் இரண்டு கையாலும் வாங்கினார். அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று எங்கள் இரண்டு பேரிடமும் ஒன்றும் கேட்கப்படவில்லை. மச்சாள் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அந்தக் கார்க்கை என்னிடம் தருவார் என்று காத்திருந்தேன். மேசை எடுத்து வைக்கும்போது, தேத்தண்ணி குடிக்கும்போது, சட்டை மாற்றும்போது. தரவில்லை. அந்தக் கிழமை முழுவதும் அது அவர் பையிலேயே இருந்தது. டேனிஷ் படிக்க மொழிப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது எடுத்து ஒரு தடவை முகர்ந்து பார்த்ததைக் கண்டேன். அது பிள்ளைகளின் விளையாட்டுப் பரிசு என்று அவருக்குத் தெரியாமலிருக்கலாம். இந்த நாட்டில் ஒருவர் தன்னை மதித்துத் தந்த முதல் பொருள் என்று எண்ணியிருக்கலாம். நல்ல அப்பா என்று நான் சொன்னதற்கு இதுதான் தன் பதில், மகளுக்கு அது விளங்கியிருக்கும் என்றும் எண்ணியிருக்கலாம். இதெல்லாம் இன்றைய கணிப்பு. அன்று என்னிடம் இருந்தது எரிச்சல் மட்டும். மச்சாள்மேல் மூன்று மாதம் சேர்த்து வைத்திருந்த முழுவதையும் தூக்கி என் தகப்பன்மேல் வைத்தேன். அவர் சொன்னது என் சொல். நான் அதை முதலில் சொன்னேன்.

பெரிய வியாழனுக்கு முன்னர் மாமாவும் அப்பாவும் காரில் ஜெர்மன் எல்லைக்குப் போனார்கள், வைன் தெரிவு செய்ய. இரண்டு பேருக்கும் பொதுவாக முப்பது நாற்பது சொற்கள் இருந்திருக்கும். மச்சாளும் நானும் முன்ஜன்னலில் நின்று பார்த்தோம். திரும்பி வந்தபோது அப்பா முன்சீட்டில் இருந்து எதையோ சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். மாமா சிரித்ததில் கார் வாசலைத் தாண்டிப் போய் நின்று பின்னால் வந்தது.

உயிர்த்த ஞாயிறு மேசைக்கு மஞ்சள் மெழுகுதிரிகள் வைத்திருந்தார்கள். மாமாவின் தாயும் தகப்பனும் நடுவில். செம்மறித் தொடை, உருளைக்கிழங்கு, ஏதோ ஊசி இலை வாசம். பெரியவர்கள் வந்திருந்ததால் மாமி தூள் பக்கமே போகவில்லை. மாமாவுக்குப் பக்கத்துக் கதிரையில் அப்பா. இரவல் கழுத்துப்பட்டி. எதிரே மாமி. அப்பா கோப்பையைத் தண்டில் பிடித்து, முகத்தைத் திருப்பாமல், தங்கையின் கண்ணுக்கு முன்னாலேயே ஒரு வாய் குடித்தார். மாமி சால்வையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார். அது அவருக்குச் சந்தோஷமா, எதையோ இழந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. மாமா அப்பாவிடம் எதையோ கேட்டுவிட்டுத் தலையைச் சரித்துக் காத்திருந்தார்.

மச்சாளையும் என்னையும் மேசையின் கடைசிக்குத் தள்ளியிருந்தார்கள். எங்களுக்குச் சிவப்புச் சர்பத்து. அவள் கனநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு நுனி நன்றாகச் சிவந்திருந்தது. பிறகு, முகத்தைத் திருப்பாமலே, என்னிடம் தமிழில் பேசினாள். மூன்று மாதத்தில் அதுதான் முதல் தடவை. தாயின் கறியில் உறைப்புக் கூடினால் மட்டும் அவள் சொல்லும் சொல் அது. அன்றைக்குத் தட்டில் உறைப்பு ஒன்றும் இருக்கவில்லை.

"எரியுது" என்றாள்.

"எனக்கும்" என்றேன்.